‘பாதிப்பு குறைவு’ என்று பதில் எழுதிய அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் செட்டிநாட்டுப் பகுதிக்கு எந்த மருத்துவ வசதி வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்யும் அதிகாரிகளுக்கு,

போன தை மாதம் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் நான் கொடுத்த மனுவுக்கு உங்கள் பதில் வந்து சேர்ந்தது. மனு மூன்று பக்கம், பதில் ஒன்றரை வரி. “இப்பகுதியில் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் பாதிப்பு குறைவாக உள்ளதால் தங்கள் கோரிக்கையைப் பரிசீலிக்க இயலவில்லை எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.” நான் கேட்டது என்ன? மூத்திரப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஸ்கோப் ஒன்று, அதைக் கையாளத் தெரிந்த யூராலஜி (சிறுநீர்ப்பாதை) மருத்துவர் வாரத்தில் ஒரு நாள். அவ்வளவுதான்.

காரைக்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல், வாரிசுச் சான்று என்று ஊராருக்கு மனு தட்டச்சு செய்து கொடுப்பது என் பிழைப்பு, அதனால் அரசாங்கப் பதில்களின் நடை எனக்குப் பழக்கம். “நிதி ஒதுக்கீடு இல்லை” என்று எழுதியிருந்தால் சரி என்று மடித்து வைத்திருப்பேன், அது உண்மையாகவும் இருக்கலாம். “குறைவாக உள்ளதால்” என்றதுதான் தொண்டையில் நிற்கிறது. எதைவிடக் குறைவு? யாரை எண்ணிப் பார்த்துக் குறைவு? என் அப்பாவை அந்தக் கணக்கில் சேர்த்தீர்களா, சேர்த்தீர்கள் என்றால் எந்த வருடத்தில்?

அப்பாவுக்கு முதல்முறை ரத்தம் வந்தது 2023 தைப்பூசத்துக்கு. குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடந்து போகிறவர்களோடு வருடாவருடம் போவார். நத்தம் தாண்டி எங்கோ ஒரு வேலிக்கருவை ஓரத்தில் ஒதுங்கியபோது மூத்திரம் பீட்ரூட் தண்ணி மாதிரி போயிருக்கிறது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. நடந்த சூடு என்று நினைத்துக்கொண்டு கூட வந்தவர்களிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் தெளிந்துவிட்டது. பழனி போய்ச் சேர்ந்து, சாமி பார்த்து, பஞ்சாமிர்த டப்பாவோடு வீட்டுக்கு வந்தார்.

சித்திரையில் மறுபடியும் வந்தது. அப்போது அவர் பள்ளத்தூர்ப் பக்கம் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டுக்குக் காவல். வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில், கல்யாணம் காட்சி என்றால்தான் கதவு முழுக்கத் திறக்கும், மற்ற நாளெல்லாம் முகப்பில் அப்பாவும் ஒரு ரேடியோவும். வாரம் ஒருமுறை துவைக்க வேட்டி கொண்டுவருவார், அதில் கறையைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தார். என்னிடம் சொல்லக்கூடாது என்று தடுத்திருக்கிறார், பெண்பிள்ளையிடம் இதையெல்லாம் பேசுவதா என்று. நானே நேராகக் கேட்டபோது, “ஒண்ணுமில்லத்தா, சூடு” என்றார். இளநீர், வெந்தயம் ஊறவைத்த தண்ணீர், சிறுகண்பீளைக் கஷாயம் எல்லாம் நடந்தது. ரத்தம் நின்றது. கஷாயம் கேட்டது என்று அம்மாவுக்குச் சந்தோஷம். இந்த நோயில் ரத்தம் தானாகவே நிற்கும், வாரக்கணக்கில் எட்டிப் பார்க்காது, பிறகு ஒருநாள் வரும், அதன் குணமே அதுதான் என்று அன்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

ஆனியில் மூன்றாம் முறை. இங்கேயே ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். பெயர் வேண்டாம், அவர்கள் மேல் எனக்குத் தனிப் பகை கிடையாது, எங்கே போயிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். மூத்திரம் சோதித்தார்கள், இன்பெக்‌ஷன் என்றார்கள், ஐந்து நாள் மாத்திரை. ஐப்பசியில் திரும்ப வந்தபோது வேறு மாத்திரை, ஏழு நாள். அதற்கும் அடங்காமல் மார்கழியில் ஸ்கேன் எடுத்தார்கள், இடது கிட்னியில் நாலு மில்லிமீட்டர் கல். கல் அகப்பட்டதும் எங்கள் எல்லாருக்கும் எவ்வளவு நிம்மதி தெரியுமா, காரணம் கிடைத்துவிட்டதே. தினமும் வாழைத்தண்டுச் சாறு. சின்னக் கட்டியும் தட்டையான கட்டியும் வயிற்று ஸ்கேனில் தப்பிவிடும் என்பதும், நாற்பது வயது தாண்டியவருக்கு வலியில்லாமல் ரத்தம் போனால் கல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உள்ளே ஸ்கோப் விட்டுப் பார்த்தே ஆகவேண்டும் என்பதும் பிறகு தெரிந்துகொண்டவை.

2024 சித்திரையில் ஒரு ராத்திரி மூத்திரம் அடியோடு அடைத்துக்கொண்டது. அடிவயிறு பானை மாதிரி. 108 வந்தது. இங்கே ட்யூப் போட்டார்கள், ரத்தக்கட்டி வந்து அதையும் அடைத்தது. மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். எண்பது தொண்ணூறு கிலோமீட்டர், ஒவ்வொரு வேகத்தடைக்கும் அப்பா என் கையை நசுக்கிக்கொண்டே வந்தார்.

மதுரையில் அடுத்த நாள் காலை மரத்துப்போகும் ஜெல்லி வைத்து ஸ்கோப் விட்டார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்த மருத்துவர், “எத்தனை மாசமா ரத்தம் போகுது?” என்றார். பதினாலு என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கையுறையைக் கழற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். கட்டியைச் சுரண்டி எடுத்துச் சோதித்ததில் தசைக்குள் இறங்கியிருந்தது. அந்தக் கட்டத்தில் சுரண்டினால் போதாது என்று மூத்திரப்பையையே எடுத்தார்கள். சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டி, வயிற்றின் வலப்பக்கம் ஒரு வாய் வைத்து, அதில் பை மாட்டிவிட்டார்கள். அறுவை காப்பீட்டு அட்டையில் போனது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. பையும் பசையும் நாங்கள் கடையில் வாங்குகிறோம். காவல் வேலை போயிற்று. பழனி நடை நின்றது. சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றால் மண்டபத்தின் கடைசி வரிசையில், சுவரோரமாக, துண்டை வலப்பக்கம் போட்டு மறைத்துக்கொண்டு உட்கார்கிறார். பந்தி முடிவதற்குள் கிளம்பிவிடலாம் என்கிறார்.

வார்டில் எங்களுக்கு அடுத்த கட்டில் தேவகோட்டைக்காரர் ஒருவர், பெயிண்டர். அவருக்கு ரத்தம் வந்த அடுத்த மாதமே மகன் மதுரையில் வேலை பார்த்த தயவில் ஸ்கோப் பார்த்துவிட்டார்கள். கட்டி தசைக்குள் இறங்காமல் மேல்தோலோடு நின்றிருந்தது. சுரண்டி எடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை மூத்திரப்பைக்குள் பிசிஜி மருந்து விட்டார்கள். குழந்தைப் பருவத்தில் நமக்கெல்லாம் தோளில் போட்டுத் தழும்பு விழுந்ததே, காசநோய்க்கான அதே பிசிஜிதான். கனடாவில் மொராலஸ் என்ற மருத்துவர் 1976இல் இது இந்தப் புற்றுநோய்க்குக் கேட்கிறது என்று எழுதினார், பிறகு உலகம் முழுக்க நடப்புக்கு வந்துவிட்டது. பெயிண்டர் இப்போதும் பெயிண்ட் அடிக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கோப் பார்க்க மதுரை போய்வருகிறார், ஏனென்றால் இந்தக் கட்டி திரும்பத் திரும்ப முளைக்கும் சாதி. ஒவ்வொரு தடவையும் ஒருநாள் கூலி, பஸ் காசு, கூட ஒரு ஆள். அவருக்கும் அப்பாவுக்கும் உள்ள வித்தியாசம் பதினாலு மாதமும், மதுரையில் ஒரு மகனும்.

இன்னொரு அம்மா இருந்தார், பெண்கள் வார்டில், கானாடுகாத்தான் பக்கம். மாதவிலக்கு நின்று ஆறு வருடம் கழித்து ரத்தம் பார்த்திருக்கிறார். கர்ப்பப்பை என்று ஒரு வருடம் வைத்தியம். மூத்திரத்தில் வருகிறதா, வேறு வழியில் வருகிறதா என்று யாரும் பிரித்துக் கேட்கவில்லை, அவரும் சொல்லத் தெரியாமல் இருந்திருக்கிறார். இந்த நோய் ஆண்களுக்குத்தான் மூன்று நான்கு மடங்கு அதிகம், ஆனால் பெண்களுக்கு இப்படித்தான் பல நாடுகளிலும் தாமதமாகத் தெரியவருகிறது.

சரி, உங்கள் ‘குறைவு’க்கு வருகிறேன். ராத்திரி கடையை மூடிய பிறகு அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படித்தவைதான் கீழே வருவன, தப்பு இருந்தால் திருத்துங்கள்.

உலகக் கணக்கில் 2022இல் சுமார் 6 லட்சத்து 14 ஆயிரம் பேருக்குப் புதிதாக இந்த நோய், சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் மரணம். புற்றுநோய்களில் ஒன்பதாவது இடம். தென் ஐரோப்பிய ஆண்களில் வயது வித்தியாசத்தைச் சரிசெய்து பார்த்தால் வருடத்துக்கு லட்சம் பேரில் 20 பேருக்கு மேல், இந்திய ஆண்களில் அது 5ஐத் தொடுவதில்லை. ஆகவே நீங்கள் எழுதியதில் பொய் இல்லை, இந்தியாவில் குறைவுதான். அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டீர்கள், அடுத்த வரியையும் படித்திருக்கலாம். அமெரிக்காவில் 2024க்கு மதிப்பிட்டது 83,190 புதிய நோயாளிகள், 16,840 மரணங்கள். வந்தவர்களில் இறப்பவர் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். இந்தியாவுக்கான உலக மதிப்பீட்டில் அது ஏறத்தாழ இரண்டில் ஒருவர். நோய் குறைவாக வரும் நாட்டில் வந்தவர்களில் பாதிப் பேர் சாகிறார்கள் என்றால் அதற்கு இரண்டே வழிதான் எனக்குத் தெரிகிறது. ஒன்று, முற்றிய பிறகுதான் கண்டுபிடிக்கிறோம். இல்லையென்றால், லேசான கட்டிகள் கணக்குக்கே வருவதில்லை. எங்கள் வார்டைப் பார்த்தவள் என்ற முறையில் இரண்டும் சேர்ந்துதான் என்பேன்.

எண்ணுகிற விதத்திலேயே சங்கதி இருக்கிறது. சில நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேடுகள் மேல்தோலோடு நிற்கும் ஆரம்பக் கட்டியையும் புற்றுநோய்க் கணக்கில் சேர்க்கின்றன, சில சேர்ப்பதில்லை. அதனாலேயே நாட்டுக்கு நாடு ஒப்பிடும்போது ஜாக்கிரதை என்று அந்தத் துறைக்காரர்களே சொல்கிறார்கள். நம் நாட்டுக்குள்ளேயே பாருங்கள், டெல்லிப் பதிவேட்டில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களின் முதல் பத்தில் மூத்திரப்பை வருகிறது, மகாராஷ்டிரத்தில் பார்ஷி என்ற கிராமப்புறப் பதிவேட்டில் மிகக் குறைவு. டெல்லிக்காரர்கள் புகைப்பதும், அங்குள்ள தொழில்களும் ஒரு காரணம், மறுக்கவில்லை. தெருவுக்குத் தெரு யூராலஜி மருத்துவரும் ஸ்கோப்பும் இருப்பதும் ஒரு காரணம் இல்லையா? தமிழ்நாட்டில் 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னையில் பதிவேடு இருக்கிறது, 2012 முதல் மாநிலம் முழுவதற்கும் நடக்கிறது, அதை நடத்துகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பதிவேட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலும் பரிசோதனைக் கூடத்திலும் இருக்கும் தாளைத்தானே எழுதிக்கொண்டு போக முடியும். ஸ்கோப் பார்த்துத் துண்டு எடுத்துச் சோதித்தால்தான் தாள் வரும். ஸ்கோப்பே இல்லாத ஊரில் தாள் எங்கிருந்து வரும்? கல், இன்பெக்‌ஷன், சூடு என்று இறந்துபோனவர்கள் எல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டார்கள்? எண்ணிக்கை குறைவு, ஆகவே ஸ்கோப் தேவையில்லை என்கிறீர்கள். ஸ்கோப் இல்லாததால்தான் எண்ணிக்கை குறைவு என்று நான் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று, இதுதான் எனக்கு முக்கியம்.

மதுரையில் பெரிய மருத்துவர்கள் எல்லாரும் அப்பாவிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள், “பீடி குடிப்பீங்களா?” குடித்தார், 2015 வரை, ஒரு நாளைக்கு ஒரு கட்டு. புகைதான் இந்த நோய்க்கு முதல் காரணம், புகைப்பவருக்கு ஆபத்து மூன்று மடங்கு, வருகிற நோயில் பாதி புகையினால் என்றே கணக்கு, அப்பாவை நான் நிரபராதி ஆக்கப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு பயிற்சி மருத்துவர், சின்னப் பெண், கேஸ் தாள் நிரப்பும்போது, “என்ன வேலை பார்த்தீங்க ஐயா?” என்று கேட்டாள். அப்பா, “காவல்” என்றார். “அதுக்கு முன்னாடி?” என்றாள்.

அதற்கு முன்னாடி இருபத்துநாலு வருடம் திருப்பூரில் சாயப்பட்டறை. மழை இல்லாமல் கண்மாய் வெடித்துக் கிடந்த காலத்தில் எங்கள் ஊரிலிருந்து பத்துப் பதினைந்து பேர் ஒன்றாகப் போனார்கள். 1987இல் போனவர். சாயப்பொடி டப்பாவில் வரும், நிறம்தான் அதற்குப் பெயர், அதில் என்ன இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் இல்லை. குவளையால் அள்ளி வாளியில் கொட்டி, கையாலேயே கலக்கி, தொட்டியில் ஊற்றவேண்டும். பொடி பறந்து மூக்குக்குள் போகும். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது அப்பாவின் நகக்கண் நீலமாகவோ சிவப்பாகவோ இருக்கும், நாங்கள் குழந்தைகள் கையைப் பிடித்துப் பார்த்து இந்த வருடம் என்ன கலர் என்று பந்தயம் கட்டுவோம். சளியைத் துப்பினால் அதுவும் அந்தக் கலர்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். 2011 ஜனவரி இறுதியில் நொய்யல் ஆற்றில் கழிவு கலப்பதற்காகச் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. அந்த வாரமே மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார். ஆற்றுக்காக வழக்கு நடந்தது, நல்ல காரியம், வேண்டியதுதான். அந்தச் சாயத்தில் கை விட்டவர்கள் எந்தெந்த ஊருக்குத் திரும்பினார்கள், அவர்கள் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் எந்த அலுவலகமும் ஒரு பட்டியல் எடுத்ததாக எனக்குத் தெரியவரவில்லை.

சாயத்துக்கும் மூத்திரப்பைக்கும் உள்ள தொடர்பு நான் கண்டுபிடித்த சங்கதி இல்லை. 1895இல் ஜெர்மனியில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர், சாயத் தொழிற்சாலை ஆட்கள் சிலருக்கு மூத்திரப்பையில் கட்டி வருகிறதே என்று கவனித்து எழுதினார். அவரிடம் பெரிய புள்ளிவிவரம் எதுவும் கிடையாது, வந்தவர்களிடம் என்ன வேலை என்று கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். பிறகு பென்சிடின், நாப்தைலமின் என்று சாயத் தொழிலில் புழங்கும் ரசாயனங்களைக் குற்றவாளிகளாகப் பெயரோடு பிடித்தார்கள். பிரிட்டனில் 1954இல் சாயத்துறைத் தொழிலாளர்களின் மரணங்களை எண்ணிப் பார்த்து, மற்றவர்களைவிடப் பல மடங்கு என்று காட்டினார்கள். நம் நாட்டில் பென்சிடின் சாயங்களைக் கையாள 1990களில்தான் தடை வந்தது. அப்பா கலக்கத் தொடங்கிய காலம் அதற்கு முன்னால். அவர் வாளியில் அது இருந்ததா இல்லையா என்று சத்தியம் செய்ய என்னிடம் ஆதாரம் இல்லை. கேட்கவேண்டியவர்கள் கேட்டிருந்தால் ஒருவேளை இருந்திருக்கும்.

இந்த நோய் பட்டதும் வருவதில்லை, இருபது முப்பது வருடம் உள்ளே உட்கார்ந்திருந்துவிட்டு வரும். சிலி நாட்டில் அந்தோஃபகாஸ்தா என்ற ஊருக்கு 1958இல் புது ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார்கள், அதில் ஆர்சனிக் என்ற விஷம் ஏராளம், அதுவும் இந்த நோயைக் கொடுக்கும். 1970 வாக்கில் சுத்திகரிப்பு வந்து தண்ணீர் சரியாகிவிட்டது. மூத்திரப்பைப் புற்றுநோய் மரணங்கள் உச்சத்துக்குப் போனது 1980களின் பிற்பகுதியிலும் 90களிலும், அதாவது தண்ணீர் சுத்தமாகிப் பதினைந்து முதல் இருபத்தைந்து வருடம் கழித்து. எகிப்திலோ நைல் வாய்க்கால்களில் இருக்கும் ஒரு ஒட்டுண்ணிப் புழுவால் இந்த நோய் அதிகம், அந்தப் புழுவுக்கு மருந்து கொடுத்துக் கட்டுப்படுத்திய பிறகு பழைய வகைக் கட்டி குறைந்து, புகையினால் வரும் வகை மேலே வந்திருக்கிறது. அமெரிக்காவில் புகைப்பது குறைந்து பல வருடம் கழித்து இந்த நோயும் மெல்ல இறங்குகிறது. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இன்றைக்கு நீங்கள் பார்க்கும் எண் முப்பது வருடத்துக்கு முன்னால் நடந்ததன் எண். 80களிலும் 90களிலும் எங்கள் ஆட்கள் போன இடங்களை நினைத்துப் பாருங்கள், திருப்பூர்ப் பட்டறை, ஈரோட்டுச் சாயம், சிவகாசி அச்சகம், வளைகுடாவில் பெயிண்ட் வேலை. பெயிண்ட் அடிக்கும் தொழிலையே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய் உண்டாக்கும் தொழில்கள் வரிசையில் வைத்திருக்கிறது. அவர்களுக்கெல்லாம் இப்போதுதான் அறுபது ஆகிறது.

அப்புறம், அந்த ஆட்கள் எங்கே எண்ணப்படுகிறார்கள்? பதிவேட்டு விதிப்படி ஒருவர் வசிக்கும் ஊர்தான் கணக்கு, ஒரு வருடம் குடியிருந்தால் அந்த ஊர்க்காரர். அப்பா எங்கள் ஊர்க் கணக்கில் ‘காவலாளி’. திருப்பூர்க் கணக்கில் அவர் இல்லவே இல்லை. வாழ்நாளெல்லாம் வெளியூரில் உழைத்துவிட்டுத் திரும்பி வந்து ஒண்டும் ஊர்கள் எங்களுடையவை. வட்டிக்கடை வைக்க பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்கள் வீட்டைக் கட்டினார்கள், அந்த வீட்டுக்குக் காவல் இருக்கிறவர்கள் திருப்பூர் போய் நோயைக் கொண்டுவந்தார்கள். இதில் செட்டிநாடு என்பது ஒரே மாவட்டமும் இல்லை. எழுபதுக்கு மேற்பட்ட ஊர்கள், பெரும்பாலானவை சிவகங்கையில், மிச்சம் புதுக்கோட்டையில். இரண்டு மாவட்டத்துப் பட்டியலிலும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரிந்து, இரண்டிலும் ‘குறைவு’ ஆகிவிடுகிறோம்.

ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். காப்பீட்டு அட்டைக்கு நகல் எடுக்க வருகிறவர்களில் இந்த நோய்க்காரர்கள் என்று தெரியவந்தால் சம்மதம் கேட்டு ஊரையும் பழைய தொழிலையும் எழுதிக்கொள்கிறேன். ஒன்றே முக்கால் வருடத்தில் ஏழு பேர். ஏழு என்பது புள்ளிவிவரம் ஆகாது, என் கடைக்கு வருகிறவர்கள் மட்டும்தான் அதில் இருக்கிறார்கள், அதையெல்லாம் என்னிடம் விளக்கவேண்டாம். அந்த ஏழில் சாயம் மூன்று, பெயிண்ட் ஒன்று, அச்சகம் ஒன்று. ஏழு பேரில் ஆறு பேருக்கு முதலில் சொன்னது கல் அல்லது இன்பெக்‌ஷன். ஒரு ஜெராக்ஸ் கடைக்காரி ஓரக்கண்ணால் பார்த்து எழுதக்கூடிய சங்கதி உங்கள் அலுவலகத்தின் கோப்பில் இல்லாமல் போனது எப்படி என்றுதான் கேட்கிறேன்.

எனவே என் கோரிக்கைகளைத் திருத்தி எழுதுகிறேன். வீடுவீடாகப் போய் எல்லாருக்கும் மூத்திரம் சோதியுங்கள் என்று கேட்கவில்லை, நோய் அறிகுறி இல்லாதவர்களுக்கு அப்படிச் சோதிப்பதில் பலன் உண்டு என்று உறுதியாகவில்லை என்பதையும் படித்தேன்.

முதலில், பழைய கோரிக்கை அப்படியே நிற்கிறது. எங்கள் பகுதியில் ஓர் அரசு மருத்துவமனையில் ஒரு ஸ்கோப், வாரத்தில் ஒரு நாள் யூராலஜி மருத்துவர். மதுரையில் சுரண்டி எடுத்தவர்கள் மூன்று மாத ஸ்கோப்பை இங்கேயே பார்த்துக்கொண்டால் அந்த ஒரு நாளுக்கே ஆள் நிறைந்துவிடும், வருகிறவர் இருக்கமாட்டார்கள் என்ற பயம் வேண்டாம்.

அது வரும்வரை, காசு செலவில்லாத ஒன்றைச் செய்யுங்கள். எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை: நாற்பது வயது தாண்டியவருக்கு, ஆணோ பெண்ணோ, வலியில்லாமல் மூத்திரத்தில் ரத்தம் கண்ணுக்குத் தெரியப் போனால், இரண்டாவது தடவை மாத்திரை எழுதாமல் ஸ்கோப்புக்கு அனுப்பவேண்டும். கல் இருந்தாலும் அனுப்பவேண்டும். ரத்தம் நின்றுவிட்டாலும் அனுப்பவேண்டும். இதைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்து வெளிநோயாளிகள் வரிசையிலும் கழிப்பறைக் கதவிலும் ஒட்டுங்கள், கழிப்பறைக் கதவில் கட்டாயம். அப்பா மாதிரி ஆட்கள் யாரும் பார்க்காத இடத்தில்தான் இதைப் படிப்பார்கள்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் அந்தப் பெண்களிடம் இரண்டு கேள்வி சேர்த்துக் கொடுங்கள்: மூத்திரத்தில் எப்போதாவது ரத்தம் போனதா, முன்னால் என்ன வேலை, எந்த ஊரில் பார்த்தீர்கள். அவர்களுக்கு ஏற்கெனவே வேலைப்பளு அதிகம் என்று தெரியும், இந்தக் கேள்விக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

பதிவேட்டுக்குத் தகவல் அனுப்பும்போது இப்போதைய தொழிலோடு நிறுத்தாமல் கடந்த முப்பது வருடத் தொழிலையும் ஊரையும் எழுதச் சொல்லுங்கள். சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் சிதறிக் கிடக்கும் எங்கள் ஊர்களை ஒன்றாகச் சேர்த்து ஒரு எண் கொடுங்கள். அதிகமாக இருந்தாலும் சரி, குறைவாக இருந்தாலும் சரி.

கடைசியாக, எழுத்தில் பதில் வேண்டும்: ‘குறைவு’ என்று நீங்கள் எழுதியது எந்த வருடக் கணக்கை வைத்து, அந்த வருடம் எங்கள் பகுதியிலிருந்து எத்தனை பேருக்கு ஸ்கோப் பார்க்கப்பட்டது, அதில் எத்தனை பேர் தசையில் இறங்கிய பிறகு வந்தவர்கள். இந்த மூன்று எண்ணும் இருந்தால் போதும். முப்பது நாளில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பேன், அந்தப் படிவமும் என் கடையிலேயே இருக்கிறது.

பழைய மனுவின் எண் உங்கள் பதிலின் தலைப்பில் இருக்கிறது, அதையே குறிப்பிட்டு அனுப்புங்கள். நோட்டின் நகலை, பெயர்களை மறைத்து, இத்துடன் இணைத்திருக்கிறேன். நேரில் பேச விரும்பினால் அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் அவ்வளவு தூரம் உட்கார முடியாது, ஆகவே நீங்கள்தான் இந்தப் பக்கம் வரவேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஒரு சாயப்பட்டறைத் தொழிலாளியின் மகள்